தப்புக்கு வாசித்த மேண்டலின்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இலையில் உட்காரும் உங்கள் எல்லோர் கையிலும் இந்த மலரைக் கொடுக்க வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. "நீதானே எழுத்துப் படிச்சவ, நீயே எழுது" என்று காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுக்க முடியவில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்ததும் வேறொன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் சிரித்தேன் என்று ஒரு பேச்சு செனாவாங் வரைக்கும் போய், கை கால் முளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. நான் ஆடினேன் என்றுகூட ஒருவர் சொன்னாராம். ஆடவில்லை. சிரித்தது உண்மை. ஏன் சிரித்தேன் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதுவரை கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் சேலம் ஜில்லாவில் பிறந்தார். கைக்குழந்தையாக அம்மாவின் இடுப்பில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்தார். செண்டாயான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் வளர்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பிறந்த மூவரைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதனால் நான் பிறந்தபோது அண்ணன் என்னைக் கீழே விடவே மாட்டாராம். எனக்குக் கல்யாணமாகிச் சிரம்பானுக்கு வந்த பிறகும் அவர் வாயில் நான் பாப்பாதான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்தார். மீசை அரும்பும் முன்பே பால் வெட்டும் கத்தியைப் பிடித்துவிட்டார். அந்தக் கைக்கு ஒரு பைத்தியம் வந்ததும் அந்த வயதில்தான். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி ஐயா வீட்டில் ஒரு மேண்டலின் இருந்தது. சாயங்காலத்தில் கிராணி ஐயா வாசிப்பார். அண்ணன் வேலியோரம் நின்று கேட்பார். நின்று நின்று கால் கடுத்தவரை கிராணி ஐயாவே உள்ளே கூப்பிட்டு, விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஐயா வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். மேண்டலினும் கூடவே போனது. அண்ணன் சாப்பிடும்போதுகூட இடது கை விரல்களைத் தட்டின் விளிம்பில் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவே சொன்னார்: "எத்தன நாளைக்குடா தட்டுல வாசிப்ப? போ, சிரம்பான்ல ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா. தோட்டமே கேக்கட்டும்."

நானும் ஒட்டிக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. மோட்டார் பஸ்ஸில் சிரம்பான் போனோம். பழைய சாமான் விற்கும் சீனர் கடையில், விளக்குகளுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவில் அது தொங்கியது. பாதிப் பூசணிக்காய் மாதிரி உருண்ட முதுகு. துளையைச் சுற்றிச் சிப்பி பதித்திருந்தது. அங்கங்கே சிப்பி உதிர்ந்து போயிருந்தது. ஊர் ஊராக நாடகம் போடும் மலாய்க் குழுவில் ஒருவர் வாசித்ததாம். யாருடைய கட்டைவிரலோ தேய்த்துத் தேய்த்துக் கழுத்து வழவழவென்று இருந்தது. ஒரு கம்பி இல்லை.

கடைக்காரர் அதை இறக்கித் தூசியை ஊதிவிட்டு, "லாமா, தப்பி சுவாரா பாகுஸ் லா" என்றார். பழசு, ஆனால் குரல் நன்றாயிருக்கும் என்கிறார்.

அண்ணன் என் காதில், "ஒடம்புதான் கெழவி, கொரலு கொமரி" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைக்காரர் நாங்கள் சரக்கைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தானாகவே விலையைக் குறைத்தார். அண்ணன் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது இருந்த முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவருடைய கல்யாணத்திலும் பார்க்கவில்லை. அண்ணி மன்னிக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்தோம். வாசிங்க அண்ணே என்று நச்சரித்தேன். "மொதல்ல அப்பா கையில குடுக்கணும் பாப்பா. அவரு ஒரு தட்டு தட்டட்டும். அப்புறந்தான் நானு" என்று பிடிவாதமாக இருந்தார்.

அப்போதுதான் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் பக்கத்திலிருந்து தப்புச் சத்தம் கேட்டது.

இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் லயத்தில் பெரும்பாலும் சேலத்துக்காரர்கள். எங்கள் சாவு அடி நிதானமாக, இழுத்து இழுத்து விழும். அந்த மாதம் மாரியம்மன் திருவிழாவுக்காகப் பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரர்களை அழைத்திருந்தார்கள். அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம். ஞாயிறு மாலைகளில் கோயில் கொட்டகையில் வந்து பழகுவார்கள். அவர்கள் ஊரில் சாவுக்கு எப்படி அடிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அன்று கேட்டதோ துள்ளித் துள்ளி, காலைக் கிளப்பிவிடும் அடி.

"புது அடியா இருக்கே!" என்றார் அண்ணன்.

"திருவிழாவுக்குப் பழகுறாங்க. சேந்து வாசிங்க அண்ணே. சாமிக்குத்தானே, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றேன் நான்.

அண்ணன் வாசித்தார். ஒரு கம்பி குறைந்த அந்த மேண்டலினில், அந்தத் தப்புக்குச் சரியாக, அதன் துள்ளலுக்குத் துள்ளலாக வாசித்தார். நான் கைதட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். மரங்களுக்கு நடுவில் எங்கள் சிரிப்பு எதிரொலித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

லயத்துத் திருப்பத்தில் கூட்டம் நின்றது. எங்களைக் கண்டதும் தப்பு நின்றுவிட்டது. மேண்டலின் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது. எதிர்வீட்டு அத்தை தலைவிரிகோலமாக ஓடி வந்தார்.

"நிறுத்துடா! ஒங்கப்பாடா அது! ஒங்கப்பாடா!"

மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லையாம். எங்களைத் தேடி ஒருவர் சைக்கிளில் குறுக்குவழியாகப் போயிருக்கிறார். நாங்கள் பெரிய சாலையில் வந்துவிட்டோம். ஒத்திகைக்கு வந்த தப்புக்காரர்கள் அப்படியே எங்கள் வாசலில் தங்கள் ஊர்ச் சாவு அடியை அடிக்க நின்றுவிட்டார்கள். நாங்கள் சாவு வீட்டுக்குப் பாட்டோடு வந்து சேர்ந்தோம்.

யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அதன் பிறகு அண்ணன் வாசிக்கவில்லை. விற்கவும் இல்லை. அப்பாவின் வேட்டி ஒன்றில் சுற்றி வைத்துக்கொண்டு, மழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் எடுத்துத் துடைப்பார், கம்பியைத் தளர்த்துவார், மறுபடி சுற்றி வைப்பார். ஏன் அண்ணே என்று கேட்டால், "அப்பா கேக்கலியே பாப்பா" என்பார். அம்மா ஒருநாள் தாங்க மாட்டாமல், "எடுத்து வாசிடா, வீடு வெறிச்சுன்னு கெடக்கு" என்று கெஞ்சினார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவும் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

அண்ணனின் நல்ல குணங்களை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆன பிறகும், ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில் அவர் ஒருவரையும் 'டேய்' என்று கூப்பிட்டதில்லை. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியபோது, தன் கீழே இருந்தவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை கொடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று துரையிடம் போய் நின்றார். தானும் அதே பாதி வேலைக்கு ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் அண்ணி மரவள்ளிக்கிழங்கைப் பத்து விதமாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார். இந்த மலரை வாங்கும் கைகளில் சில, அன்று கப்பலேறாமல் தப்பிய கைகள்.

நெஞ்சுச் சளி முற்றி, சென்ற ஆண்டு சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயது நாற்பதைக்கூடத் தொடவில்லை. ஒரு நாள் மாலை நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து, என்னை மட்டும் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"பாப்பா, அன்னிக்கிச் செம்மண் ரோட்டுல வாசிச்சேனே. நல்லா இருந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் அவர் அந்த நாளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா செத்த நாளு அண்ணே. அதப் போயி நல்லா இருந்துச்சான்னு கேக்கலாமா?" என்றேன்.

"ஆமாமா. தப்புதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அண்ணனின் இறுதி ஊர்வலத்துக்கு அண்ணி பக்கத்துத் தோட்டத்துத் தப்புக்காரர்களுக்கே சொல்லியனுப்பியிருந்தார். எனக்குத் தெரியாது. வாசலில் தப்பு எழும்பியதும் அதே அடி. அதே துள்ளல். எனக்கு முன்னால் பாடை தெரியவில்லை. செம்மண் சாலை தெரிந்தது, அண்ணன் முகம் தெரிந்தது, கடையிலிருந்து வெளியே வந்த அந்த முகம். வாய் தானாக விரிந்துவிட்டது. என் வாழ்க்கையின் ஒரே பெரிய சந்தோஷத்துக்குச் சாவு அடிதான் தாளம் என்றால் நான் என்ன செய்ய முடியும்? அன்று என் முகத்தைப் பார்த்து மனம் புண்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன தோட்டத்து லாரி டிரைவருக்கும், இரவு பகல் பார்க்காமல் மருந்து கொடுத்துப் பணிவிடை செய்த ஆஸ்பத்திரி டிரசர் ஐயாவுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டிய லயத்துப் பெண்களுக்கும், கூலி வாங்க மறுத்துவிட்ட தப்புக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. திதியன்று விளக்குப் பக்கத்தில் அந்த மேண்டலினை வேட்டியிலிருந்து பிரித்து வைக்கப் போகிறோம். அண்ணி சம்மதித்துவிட்டார்.

எல்லோருக்கும் நன்றி சொல்லியாயிற்று. அண்ணன் கேட்ட கேள்விக்குத்தான் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நல்லா இருந்துச்சு அண்ணே. ரொம்ப நல்லா இருந்துச்சு.