நிறம் போன பத்து ரூபாய்

என் அப்பாவும் மாமாவும் சண்டை போட்டுக்கொள்ள ஒரு பத்து ரூபாய் போதுமானதாக இருந்தது. அதுவும் செலவழிக்க முடியாத பத்து ரூபாய். எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளியில் அடித்தது. புழக்கத்துக்கு விடாமல் சேகரிப்பவர்களுக்கென்றே அச்சை மெருகேற்றி, முகம் பார்க்கிற கண்ணாடி போல அடிக்கும் காசுகள் உண்டு. அவற்றைப் புரூஃப் காசு என்பார்கள். அந்த வகை. அப்பா அதைத் தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். அச்சிலிருந்து பிறந்தபோது அதுவும் கண்ணாடியாகத்தான் இருந்திருக்கும். பல வருடங்கள் அட்டைப் பெட்டிக்குள் கிடந்ததில் அதன் மேல் நிறம் ஏறிவிட்டது. விளிம்பில் மயில் கழுத்து நீலம், உள்ளே போகப் போக ஊதா, நடுவில் தேன். ஜன்னலோரம் வைத்துச் சாய்த்தால் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் நழுவும். சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்பார்கள்.

அப்பாவுக்கு அந்த நிறம்தான் காசு. அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அது அழுக்கு.

மாமாவும் காசு சேர்த்தார். சென்னையில் ஓ.எம்.ஆர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, மேடவாக்கத்தில் ஃபிளாட். அவருடைய ஆல்பத்தைத் திறந்தால் டியூப் லைட் போட்டது போலிருக்கும். கறுத்த காசு எது கிடைத்தாலும் ஒரு திரவத்தில் முக்கி வெளுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ரசம் சாதத்தில் தொடங்கும் பேச்சு, மோர் சாதத்துக்குள் காசுக்கு வந்துவிடும்.

“அத்தான், வெள்ளி கறுக்கறதுக்கு முன்னாடி வர ஸ்டேஜ் இது. இதைப் போய் ரசிக்கிறீங்களே.”

“தானா வந்த நிறம்டா. யாரும் பூசல.”

“துருவும்தான் தானா வருது.”

அம்மாவுக்கு இந்தச் சண்டை பிடிக்கும். அவளுக்குக் கூடப்பிறந்தவர் மாமா ஒருவர்தான், பெற்றவர்கள் இல்லை. தம்பியும் கணவரும் உரிமையோடு குரலை உயர்த்திப் பேசிக்கொள்கிற வீடு தனக்கு வாய்த்ததில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. காசை முகத்தில் தொடாமல் விளிம்பில் பிடிக்கத் தெரியும் என்பதால், அப்பா அந்தக் காசை வெறுங்கையில் தருகிற ஒரே ஆள் நான்தான். மாமாவுக்கே பெட்டியோடுதான் கொடுப்பார். இதை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் பொறாமைப்படவில்லை.

அந்த வருடம் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசு சேகரிப்பவர்கள் கண்காட்சி வைத்தார்கள். அப்பா முதல் முறையாகத் தன் காசை வைக்க ஒப்புக்கொண்டார். பக்கத்தில் மாட்ட ஒரு பெரிய புகைப்படம் வேண்டியிருந்தது. நல்ல கேமரா மாமாவிடம் இருந்தது. சனிக்கிழமை காலையில் மாமா ஸ்கூட்டரில் வந்தார். அப்பா பெட்டியை அவரிடம் தராமல் என்னிடம் தந்து, “மடியிலயே வச்சுக்க. கேம்ப் ரோடு பள்ளத்துல குலுங்கும்” என்றார். மேடவாக்கம் போய்ச் சேரும்வரை நான் பெட்டியைத் தவிர வேறெதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

மாமா படங்கள் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு எடுத்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. “இந்தக் கலரு கண்ணை உறுத்துது பாரு” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “இதுக்குள்ள அப்படியே கண்ணாடி இருக்கு. உங்கப்பா இதுவரைக்கும் பாத்ததே இல்ல. காமிச்சா அசந்துடுவாரு.”

எனக்கும் அப்பா அசந்துபோவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சமையலறையில் ஒரு கிண்ணத்தில் திரவத்தை ஊற்றினார். அழுகிய முட்டை நாற்றம். இடுக்கியால் காசைப் பிடித்து முக்கினார். நீலம் முதலில் போனது. பிறகு ஊதா. நான் ஐந்து எண்ணுவதற்குள் எல்லாம் போய்விட்டது. குழாயடியில் பிடித்துக் கழுவினார்.

உள்ளே கண்ணாடி இல்லை. புகை படிந்த எவர்சில்வர் தட்டு மாதிரி, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு வெளுப்பு இருந்தது. அந்த நிறம் காசின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. காசையே கொஞ்சம் தின்றுதான் வளர்ந்திருக்கிறது. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசு கொடுத்து வாரம் இருமுறை லாரித் தண்ணீர் வாங்குகிற அந்த ஃபிளாட்டில், அவர் குழாயை மூட மறந்து நின்றார். நான்தான் மூடினேன்.

வெகுநேரம் கழித்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நான்னு தெரிஞ்சா உங்கப்பா என்னை வீட்டுப் பக்கம் சேக்க மாட்டாரு. அம்மா அழுவாங்க. நீ பல்பொடி போட்டுத் தேச்சேன்னு சொல்லிடுறியா? கொழந்தைன்னு விட்டுருவாரு.”

அம்மா அழுவதை நினைத்தேன். சரி என்றேன். பெரியவர் ஒருவரைக் காப்பாற்றப்போகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை நானே அப்பாவிடம் கொடுத்தேன். “மாமா போன் பேசிக்கிட்டு இருந்தப்ப நான் பல்பொடி போட்டுத் தேச்சுட்டேன்பா. பளபளன்னு ஆகும்னு நெனச்சேன்.” வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வரிகள்.

அப்பா கத்தவில்லை. அலமாரியிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். அம்மா கரண்டியோடு வந்து கதவருகில் நின்றாள்.

“பல்பொடியா?”

“ஆமா.”

“துணியில தேச்சியா, விரல்லயா?”

இது ஒத்திகையில் இல்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரில் ஏதோ தேதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“விரல்ல” என்றேன்.

“சரி” என்றார் அப்பா. லென்ஸை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாதான் அடித்தாள். இரண்டாவது அடி விழும்போது மாமா அவள் கையைப் பிடித்து, “விடுக்கா, கொழந்த தெரியாம செஞ்சிடுச்சு” என்றார். அன்று எங்கள் வீட்டில் மிக நல்லவராக நடந்துகொண்டவர் அவர்தான்.

கண்காட்சிக்கு அப்பா போகவில்லை. அலமாரிக்குப் பூட்டு வந்தது. எனக்குக் காசு பார்க்கத் தருவது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் முன்போலவே நடந்தன. மாமா வந்தார், சாப்பிட்டார், அப்பா மோரை அவர் பக்கம் நகர்த்தினார். சில வருடங்களில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. குன்றத்தூரில் நடந்த ஒரு காதுகுத்தில், நான் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, “இவ கைல எதையும் குடுக்காதீங்க, தேச்சே தீத்துருவா” என்று மாமா சொல்ல, பந்தியே சிரித்தது. அவர் நடிக்கவில்லை. அதற்குள் அவரே நம்பத் தொடங்கியிருந்தார் என்று நினைக்கிறேன். அப்பாவும் சிரித்தார். விலையுள்ள எதையும் பிறகு நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டதில்லை. என் கல்யாண நகைகூட அம்மாவின் லாக்கரில்தான் இருக்கிறது.

போன வருடம் அலுவலகத் தோழி ஒருத்தி அவளுடைய அண்ணனின் காசுக்கடைக்கு என்னை அழைத்துப்போனாள். அவர் பேச்சுவாக்கில் இரண்டு வெள்ளிக் காசுகளை லென்ஸில் காட்டினார். ஒன்று பொடி போட்டுத் தேய்த்தது: பரப்பு முழுவதும் முடி முடியாகக் கீறல். மற்றது திரவத்தில் முக்கியது: ஒரு கீறலும் இல்லை. “சின்னப் புள்ளைக்கும் தெரியும்க்கா, ஒரு தடவ பாத்தா போதும்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை சேலையூருக்குப் போனேன். அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாப்பா?”

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. பேப்பரை மடித்தார்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?”

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்கம்மாவுக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான். நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா அதோட இந்த வீட்டுக்கு வந்திருக்க மாட்டான்.”

“அப்ப நான்?”

அவர் அன்பாகத்தான் சொன்னார். “நீ எங்கேம்மா போயிடப் போற?”

நானும் மாமாவும் மட்டுமே அறிந்த ஒரு பொய்யை அப்பாவிடம் சொல்லிவிட்டதாக எத்தனையோ வருடங்கள் குறுகிப்போயிருந்தேன். அன்று அந்த அறையில் பெரியவர்கள் இருவருக்கும் உண்மை தெரிந்திருந்தது. ஒருவர் காலண்டரைப் பார்த்தார், மற்றவர் லென்ஸை மடித்தார். பழியை யார் மேல் போட்டால் அந்த ஆள் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது என்பதை இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே முடிவு செய்துகொண்டார்கள். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவர்களை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கன்னம் எரிய, இன்னொரு அடி விழுமோ என்று கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தேன்.