தொப்பூர் மலைமேல் மறைந்த விளக்குகள்

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, உங்கள் முன்னால் நான் உயிரோடு நிற்பதே என் சாட்சி. மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்தான்.

நான் கடத்தூர்ப் பெண். சின்ன விமானம் ஓட்டுவது என் வேலை. நான் பறக்கிற நாளெல்லாம் அம்மா வீட்டில் முழங்காலில் நிற்பார். ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: "ஆண்டவரே, எம்புள்ளைக்கு வெளிச்சத்தக் காட்டுங்க." விமானத்திலேயே லைட் இருக்கிறதே என்று நான் கேலி செய்வேன்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நானும் துணை விமானி பிரவீனும் பெங்களூரிலிருந்து காலி விமானத்தைக் கொண்டுவந்தோம். தொப்பூர் மலைக்குத் தெற்கே ஒரு சிறிய ஓடுதளத்தில் இறங்க வேண்டும். நிலா இல்லாத இரவு. ஆனால் வானம் சுத்தம். தூரத்திலேயே ஓடுதள விளக்குகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. உயரத்திலேயே வந்து, மேலே வட்டமிட்டு இறங்குவதுதான் முறை. எனக்கோ கொலைப்பசி. வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு காத்திருந்தது. விளக்கைப் பார்த்தபடி நேராக இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

இருட்டு கண்ணை ஏமாற்றும். விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாதபோது, நாம் ரொம்ப உயரத்தில் இருப்பதாகவே தோன்றும். எனக்கும் தோன்றியது. இறக்கினேன். இன்னும் இறக்கினேன்.

திடீரென்று எங்கள் பக்கத்து முனை விளக்குகளைக் காணோம். அடுத்து, அதற்குப் பின்னால் இருந்தவையும் மறைந்தன.

"மேடம், கரண்ட் போயிடுச்சுங்க போல," என்றான் பிரவீன் நிதானமாக. நம் ஊர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? நானும் ஆமாம் சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் கரண்ட் போனால் மொத்தமாகத்தானே போகும்? சித்தேரி மலையிலிருந்து இரவில் பஸ்ஸில் இறங்கும்போது, பாப்பிரெட்டிப்பட்டி விளக்குகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக மறையும். குறுக்கே குன்று வரும்போது. அப்படியானால் இப்போது எங்களுக்கு எதிரே மலை நிற்கிறது!

எங்கள் பழைய விமானத்தில் எதிரே மலை இருப்பதை எச்சரிக்கும் கருவியும் கிடையாது. "இயேசப்பா!" வேறு ஜெபம் வரவில்லை. எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். எங்கள் விளக்கொளியில் மரங்களின் உச்சி வெளேரென்று எதிரே வந்து, காலுக்குக் கீழே போயிற்று. பிரவீன் அழுதான். நானும்தான்.

மேலே ஏறியதும் அத்தனை விளக்குகளும் பளிச்சென்று தெரிந்தன. ஓடுதளத்துக்கு மேலே போய், மலையில்லாத பக்கமாகச் சுற்றி, ஒழுங்கு மரியாதையாக இறங்கினோம்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பாரு கண்ணு, நான் வெளிச்சத்தக் காட்டுங்கன்னு கேட்டேன். அவரு மறைச்சுல்ல காப்பாத்தியிருக்காரு!"

இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம். குழம்பு ஆறிப்போயிற்று. இருந்தாலும் அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை.

அன்றிலிருந்து எந்தப் பசிக்காகவும் நான் நேராக இறங்குவதில்லை. அம்மாவைக் கேலி செய்வதுமில்லை. இப்போது புறப்படும் முன் பிரவீனே கேட்கிறான்: "அம்மா ஜெபம் பண்ணிட்டாங்களா மேடம்?"

அன்பானவர்களே, கண்ணுக்குத் தெரிந்த வெளிச்சமும் மறைகிறதா? ஆண்டவர் கைவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் பெயரைச் சொல்லி மேலே ஏறுங்கள். விளக்கு அங்கேயேதான் எரிந்துகொண்டிருக்கும்.