முட்டைக்கு வாங்கிய பிள்ளை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பிறகு திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டினேன், கொல்லத்தில் முந்திரி உடைத்தேன், இப்போது நைட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பஸ் ஏறுகிறேன். எந்தத் தரையில் படுத்தாலும் தூக்கம் வந்துவிடும். நமக்கொன்றும் பெரிய விலை இல்லை என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டதால் இருக்கலாம். என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகத்தான் வீட்டில் சொல்லுவார்கள்.

எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அப்படிச் சீண்டுவது உண்டுதான். ஆனால் எங்கள் வீட்டில் தவிடு கோழித் தீனி. காலையில் நான்தான் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைப்பேன். கைப்பிடி கைப்பிடியாக அள்ளும்போது, நான் எத்தனை பிடிக்கு வந்திருப்பேன் என்று யோசனை ஓடும். நான் யோசித்து முடிப்பதற்குள் கோழிகள் என் விலையைக் கொத்தித் தின்றுவிடும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாக இறங்கினால், ஊர்க் கடைசியில் எங்கள் வீடு. முக்கோணமாக ஒரு துண்டு நிலம், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, கோழி கவிழ்க்கும் பஞ்சாரங்கள். அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை. அம்மாவுக்குக் கோழியும் ஊசியும். நைட்டி தைக்கிற கம்பெனிகளிலிருந்து வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வரும். அம்மா அவற்றை ஒட்டுப் போட்டு, உள்ளே பழஞ்சேலை மடித்து வைத்து, ஓட்டுத் தையலில் விரிப்பு தைப்பாள். பருந்து வட்டமிட்டால் ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு கூப்பாடு போட்டபடி ஓடுவாள். கோழிகளை அடைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தைப்பாள். எங்கள் வீட்டு விரிப்புகளில் அங்கங்கே தையல் கோணுவதற்குப் பருந்துதான் காரணம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புரட்டாசியில் அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள். வத்திராயிருப்பில் கட்டிக் கொடுத்திருந்தது. முன்பு இரண்டு பிறந்து, இரண்டும் மாதம் தாண்டவில்லை. இது மூன்றாவது. அத்தைக்கும் அம்மாவுக்கும் உப்பில் தொடங்கி கோலம் வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாது. "மதினி தச்ச விரிப்புல படுத்தா முதுகுல வரப்பு விழுகுது" என்பாள் அத்தை. "வரப்புல படுத்துத்தான் வளந்த, இப்ப மெத்த கேக்குதாக்கும்" என்பாள் அம்மா. ஆனால் ஐப்பசி முதல் தேதி காலையில் அம்மா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு மெல்லப் பேசினாள்.

"ஏட்டி, ஏழு வீட்டுக்குப் போயி பழைய துணி கேட்டு வாங்கிட்டு வா. நல்லாப் பொழங்குன துணியா இருக்கணும். புதுசு குடுத்தா வேண்டாம்னுரு."

"நம்ம வீட்டுலதான் மூட மூடயாக் கெடக்கே?"

"அது யாரு மேலயும் படாத துணி. பிள்ளைக வளந்த வீட்டுத் துணிதான் வேணும். பிச்சையாத்தான் கேக்கணும். யாருக்குன்னு சொல்லப்படாது."

பிச்சைத் துணியில் கிடக்கிற பிள்ளையைச் சாவு திரும்பிப் பார்க்காது, எவள் பெற்றதோ என்று தாண்டிப் போய்விடும். அம்மா சொன்ன காரணம் அதுதான். அவளே போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று என்னை அனுப்பினாள். அத்தை பிரசவத்துக்கு வந்திருப்பது ஏழு வீட்டுக்கும் ஒரு மாதமாகவே தெரியும்.

எனக்கு அத்தை மேல் இரக்கம் இருந்தது. ஆனால் அந்த ஏழு வீட்டில் மூன்று, என் வகுப்புப் பிள்ளைகளின் வீடு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிச்சைக்காரி என்று கூப்பிடுவார்கள். கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். அங்கேதான் தவிட்டுப் பானை இருந்தது. அதற்குள் கருப்புப் பெட்டைக்கு அடை வைக்க அம்மா பொறுக்கி எடுத்த ஏழு முட்டைகள் புதைந்திருந்தன. பெட்டை ஏற்கெனவே வெறும் கூடையில் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அம்மா கூடையில் அடுப்புக்கரியும் வரமிளகாயும் ஓர் ஆணியும்கூடப் போட்டு வைத்திருந்தாள். முட்டை வைப்பது மட்டும்தான் பாக்கி. நான் முட்டைகளை எடுத்துப் பாவாடையில் கட்டிக்கொண்டேன்.

முதலில் பாய் வீடு. அந்த வீட்டுப் பெரியம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பழகிய வாசல்தான். வருசா வருசம் தை மாதம் அம்மா ஒரு படி தவிடு கொடுத்து அனுப்புவாள், அவர்களுடைய ஆட்டுக்கு. பெரியம்மா கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே போய், துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட பச்சைக் கைலி ஒன்றைக் கொண்டு வந்தாள். நான் ஒரு முட்டையை நீட்டினேன்.

"இது என்னத்துக்கு?"

"நாங்க சும்மா வாங்க மாட்டோம்."

"எம்புட்டு ரோசம் பாரு! தவிட்டுக்கு வந்த கழுதைக்கு வாய் மட்டும் அரமண வாய்" என்று சிரித்துக்கொண்டே முட்டையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்தது தெலுங்கு பேசுகிற வீடு. புரட்டாசி முழுக்க முட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளுக்கு நடந்து போய் வந்தவர்கள். "ஏமம்மா, மாசம் பொறந்த அன்னைக்கே வீடு தேடி முட்டை வருதே!" என்று அந்த வீட்டு அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். ஏழு வீட்டையும் முடித்தபோது நான் யாருக்கும் தலைகுனியவில்லை. நிமிர்ந்தே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, முகத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தி. கோழிக்குத் தீனி எடுக்கத் தவிட்டுப் பானைக்குள் கையை விட்டவள், துழாவினாள், நிறுத்தினாள், மறுபடியும் துழாவினாள்.

"முட்டை எங்கட்டி?"

"குடுத்துட்டேன். துணிக்கு."

பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பானை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "பிச்சை எடுத்துட்டு வாட்டின்னா வெலைக்கு வாங்கிட்டு வந்து நிக்காளே, பாவி!"

நிலைப்படியில் அத்தை நின்றிருந்தாள். வயிற்றின் மேல் வைத்திருந்த கை இறுகியது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்த தப்பு எனக்குப் புரிந்தது.

முட்டைகள் திரும்பி வந்துவிட்டால் வியாபாரம் முறிந்துவிடும், துணி பழையபடி பிச்சையாகிவிடும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். தெலுங்கு வீட்டு வாசலிலேயே வெங்காயத்தோடு ஆம்லேட் மணந்தது. "செத்த நேரம் முன்னால வந்திருந்தா ஒனக்கும் ஒரு வாய் வச்சிருப்பேனே" என்றாள் அக்கா. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ஒரு மாதம் காய்ந்து கிடந்த ஊர், என் முட்டைகளை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. அம்மா நடக்க நடக்க, பிடி இறுகிக்கொண்டே வந்தது.

பாய் வீட்டு முட்டை மட்டும் முழுசாக இருந்தது. அதைப் பெரியம்மா தன் கோழிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"அடையில வச்சத எடுக்க மாட்டேன்" என்றாள்.

"அக்கா, வெலைக்கு வந்த துணியாயிருச்சே. இதுல பிள்ளையப் போட்டா தங்குமா?"

"ஏன் தங்காது? ஒன் வீட்டுல ஒண்ணு தவிட்டுக்கு வந்து நிக்குதே, அது தங்கலையா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அடிக்கத்தான் பார்க்கிறார்கள் என்று நான் ஆட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். யாரும் அடிக்கவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வா போவோம்" என்றாள். திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஆனால் பிடி வலிக்கவில்லை.

வீட்டில் அத்தை அதே நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள்.

"பிச்சை இல்ல தாயி, வெலைதான். வித்தவுக ஆறு பேரு வெலையத் தின்னு ஏப்பம் விட்டாச்சு, ஏழாவது அடைக்குப் போயாச்சு. இனி சாவே வந்தாலும் கேக்க முடியாது. இது முட்டைக்கு வாங்குன பிள்ளை."

அத்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஒங்க தவிட்ட விட ஒசத்திதான் மதினி" என்றாள். பிறகு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் என்னை விட விலை கூடிவிட்டது!

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து விரிப்பு தைத்தார்கள். பச்சைக் கைலி நடுவில். ஒரு முனையிலிருந்து அம்மா, மறுமுனையிலிருந்து அத்தை. "ஒந் தையல் வெள்ளாடு தாண்டுத மாதிரி இருக்கு" என்று அம்மாவும், "ஒங்களுது மட்டும் ரயில் தண்டவாளமோ" என்று அத்தையும் தைத்துக்கொண்டே வந்து, நடுவில் முட்டிக்கொண்டார்கள். கருப்புப் பெட்டை வெறும் கூடையில் கோபமாகவே உட்கார்ந்திருந்தது. அம்மா மற்ற பெட்டைகள் இட்ட முட்டைகளைச் சேர்த்து அதற்கு வைத்தாள்.

கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை. அந்த ஒரு மாதம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, கோழிகளைத் தவிர. மாதம் தாண்டிய அன்று காலையில் நான் எழுந்தபோது, அத்தை கொல்லையில் குத்துக்காலிட்டுக் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். அது என் வேலை என்று சண்டைக்குப் போனேன். "இன்னைக்கு ஒரு நாள் எனக்குக் குடு" என்றாள்.

அவன் இப்போது என்னை விட ஓர் அடி உயரம். ஊரில் எல்லாருக்கும் அவன் பெயர் முட்டை. ஐப்பசி பிறந்தால் அத்தை கூடையோடு பஸ் ஏறி வந்து ஏழு வீட்டுக்கும் முட்டை கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அவன் பிறந்த அந்த வருசத் தை மாதமும் அம்மா எனக்குத் தவிடு அளந்து கொடுத்தாள். தை நான் பிறந்த மாதம். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைப் பக்கத்து வீட்டு மடியில் போட்டுவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் படி கனக்கிறது என்பதுதான். அம்மா தலைதட்டாமல் கோபுரமாகக் குவித்து வைத்தாள். "வழியில சிந்திராத. ஒரு பிடி கொறையப்படாது" என்றாள். ஆட்டுத் தீனிக்கு இத்தனை கறாரா என்று முனகிக்கொண்டே தலையில் வைத்து நடந்தேன். பெரியம்மா வாங்கி ஆட்டுத் தொட்டியில் கொட்டினாள். வழக்கம்போல் என் உச்சந்தலையைத் தொட்டு, "இந்த வருசத்துக்குச் சரியாப் போச்சு" என்றாள். ஏதோ ஆட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு, வெறும் படியைத் தட்டித் தாளம் போட்டபடி நான் வீட்டுக்கு ஓடினேன்.