காசு கேட்காத பக்கம்

ஹட்டன் நெட் கடையில் அன்று அண்ணனும் நானும் கடைக்காரரும் இருந்தோம். அப்பா வரவில்லை, தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். தன் தீபாவளி முற்பணத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்.

கடைக்காரர் மெலிந்தவர். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் திரையைக் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். அமெரிக்க விசா லாட்டரிக்கு அண்ணனின் பெயரைப் பதிய, ஒரே மாதிரிக் கொடி போட்ட இரண்டு பக்கங்களைத் திறந்து காட்டினார். ஒன்று காசு கேட்டது, மற்றது கேட்கவில்லை.

"இது சும்மாவாங்க?" என்றேன்.

"கவர்மெண்டு நமக்கு எதைத் தம்பி சும்மா குடுத்திருக்கு? காசு கேக்காட்டி அது கள்ளப் பக்கம்."

"பெரிய படிப்பெல்லாம் படிச்சவரு, நீங்க சொல்லுங்க சார்," என்று அண்ணன் என்னைச் சீண்டினான். எனக்கும் அவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது. எங்கள் காசை வாங்கிக்கொண்டு, அவர் தன் கார்டில் கட்டினார்.

கடைசித் தேதி முடிந்த பிறகுதான் பத்திரிகையில் அறிவித்தலைப் பார்த்தேன்: விண்ணப்பம் இலவசம், காசு கேட்கும் பக்கங்கள் போலி. பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆத்திரத்தோடு கடைக்கு ஓடினேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "என் தம்பிக்கும் அதுலதானே கட்டுனேன்," என்றார்.

அவர் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அண்ணனின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.