விளம்பரக் கம்பெனி ஷேரும் ஓர் ஆட்டோ டிரைவரும்

ஷேர் புரோக்கர் தொழிலில் ஒரு நிரந்தர ஏற்பாடு உண்டு: விலை ஏறினால் வாங்கியவர் கெட்டிக்காரர், இறங்கினால் குற்றவாளி நான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், பதினாறு வருடமாக இந்த ஏற்பாட்டின்படிதான் பிழைப்பு நடத்துகிறேன். ஊரில் எனக்கு ஷேர் மேடம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் செவிலிமேட்டில் என் எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது.

காலையில் பல் தேய்க்கும் முன்னால் போனில் விலை பார்த்து அன்றைய பொழுதையே கெடுத்துக்கொள்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு ஷேரைப் பற்றி. பெரிய விளம்பரக் கம்பெனி. பெயர் வேண்டாம். விளம்பரக் கம்பெனிக்கு நான் எதற்கு ஓசியில் விளம்பரம் செய்ய வேண்டும்?

கூட்டிப்போகும் தொழில்

வாங்கு, விற்று விடு என்றெல்லாம் என்னைப் போன்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. யார் கேட்டாலும் "அது உங்க இஷ்டம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாயே அப்படிக் கோணிவிட்டது. ஐயம்பேட்டை டேவிட்டிடமும் அதைத்தான் சொன்னேன். எதிரே உள்ள ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களிடம் நைசாகப் பேசிப் பட்டுக்கடைக்குக் கூட்டிப்போவார், கடைக்காரர் கமிஷன் தருவார். அவருடைய பழைய வண்டிக்கு ரோட்டில் ஓட இன்னொரு முறை எஃப்.சி. சர்டிபிகேட் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். தை மாதத்துக்குள் புது வண்டி எடுத்தாக வேண்டும். முன்பணத்துக்காகச் சேர்த்ததைத்தான் அந்த ஷேரில் போடக் கொண்டுவந்திருந்தார்.

அவசரத்துக்கு வேண்டிய பணத்தை ஷேரில் போடாதீர்கள் என்று எச்சரிக்க எனக்கு உரிமை உண்டு. எச்சரித்தேன். அவரோ, அந்தக் கம்பெனி என்ன வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டார். விளக்கினேன். அவர் சொன்னார்: "நான் ஆட்டோவுல நாலு பேர கடைக்கு இட்டுக்கினு போறேன். அவனுங்க ஊரையே இட்டுக்கினு போறானுங்க. இது என் தொழில்தான் மேடம், போடுங்க."

பாயின் கேள்வி

அப்போது அந்த ஷேர் ஏறுமுகத்தில் இருந்தது. மாடிக்கு வந்தவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். ஜரிகை வியாபாரி காதர் பாய்க்கும் ஆசை வந்தது. ஆனால் அவர் வட்டித் தொழில் கம்பெனியைத் தொட மாட்டார், சாராயக் கம்பெனியைப் பார்க்கக்கூட மாட்டார். இந்த விளம்பரக் கம்பெனிக்காரர்கள் யார் யாருக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று பட்டியல் கேட்டார். சோப்பு, கார், தலைக்கு எண்ணெய், பள்ளிக்கூடம் என்று இரண்டு நாள் தேடிக் கொடுத்தேன். நடுவில் ஒரு சோடா இருந்தது. அதைத் தயாரிப்பவர்கள் வேறு என்ன தயாரிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

லேபிளில் சோடா என்றுதானே போட்டிருக்கிறது பாய் என்று சமாளித்துப் பார்த்தேன். மும்பை நிபுணர் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டு, ஷேரே வேண்டாம் என்றுவிட்டார் அவர்: "ரோட்டு மேல இவ்ளோ பெரிய போர்டு, வெறும் சோடாவுக்கா எவனாவது வெப்பான், நீயே சொல்லுமா?"

ரெண்டு நிமிஷம்

பிறகு ஏ.ஐ. வந்தது. இனி விளம்பரத்தை மெஷினே எடுத்துவிடும், விளம்பரக் கம்பெனிகளுக்கு வேலையே இருக்காது என்று டிவியில் பேச ஆரம்பித்தார்கள். ஷேர் சரிந்தது. மற்ற ஊர்களில் டிவி பார்த்து விற்றார்கள். எங்கள் ஊரில் பட்டுக்கடை ஏகாம்பரம் அண்ணாச்சியைப் பார்த்து விற்றார்கள். தன் கடைக்குப் போனிலேயே ஏ.ஐ.யை வைத்து விளம்பரம் செய்துவிட்டார் மனிதர். கோபுரம், குத்துவிளக்கு, சிரித்துக்கொண்டு திரும்பும் கல்யாணப் பெண், எல்லாம் இருந்தது. வருடா வருடம் விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்த காசை நினைத்து அவருக்கு வயிறு எரிந்தது.

என் மாடிக்கு வந்து, கையிலிருந்த ஷேர் அத்தனையையும் அன்றே விற்கச் சொன்னார். வாசலில் காத்திருந்த நான்கு பேருக்கும் போனை நீட்டிக் காட்டினார். அவர்களும் விற்றார்கள். "ரெண்டே நிமிஷம்மா, ஒரு டீ குடிக்கிற நேரம். இனிமே அந்தக் கம்பெனிக்கு எவன் காசு குடுப்பான்?"

டேவிட்டின் வேண்டுகோள்

டேவிட் அன்று சாயங்காலம் மாடியேறி வந்தார். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. விற்றால் புது வண்டி இல்லை. வைத்திருந்தால் இன்னும் இறங்குமோ என்று பயம். நான் வழக்கம்போல "அது உங்க இஷ்டம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "யோசன சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். உங்ககிட்டயும் அந்த ஷேர் இருக்குதுல்ல? நீங்க விக்கிற அன்னிக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்."

சரி என்று தலையாட்டினேன். அடுத்த வாரம் ஷேர் இன்னும் இறங்கியது. பதினாறு வருட அனுபவம், சந்தையைக் கரைத்துக் குடித்தவள் என்ற பெயர், எல்லாம் இருந்தும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னுடையதை மொத்தமாக விற்றுவிட்டேன். டேவிட்டிடம் சொல்லவில்லை. மேடமே பயந்துவிட்டார் என்று ஸ்டாண்டில் பேசுவார்களே என்ற வெட்கம்தான் காரணம். அவர் ஜன்னலுக்குக் கீழேயேதான் நின்றுகொண்டிருந்தார். அக்கவுண்ட் பார்க்கும் கமலா என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "மேடம், டேவிட் அண்ணனக் கூப்பிடட்டுமா?"

இரண்டு முந்தானை

ஏகாம்பரம் அண்ணாச்சியின் விளம்பரம் பிரமாதமாகப் பரவியது. கூட்டமும் வந்தது. வந்தவர்கள் போனை நீட்டி அதே புடவையைக் கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண் வேறு எதையும் தொட்டுப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா, இல்லாத புடவைக்கு எதற்கு விளம்பரம் என்று கடை நடுவில் நின்று கேட்டுவிட்டார். அண்ணாச்சி தன் தறிக்காரர் வரதனைக் கூப்பிட்டு, எத்தனை நாளானாலும் சரி, அதை நெய்து கொடு என்றார்.

வரதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தோளில் சிவப்பாக இருந்த பார்டர் முழங்காலுக்கு வருவதற்குள் பச்சையாகியிருந்தது. இடது தோளில் ஒரு முந்தானை தொங்கியது, வலது தோளிலும் ஒன்று தொங்கியது. ஊரெல்லாம் பார்த்த படத்தில் அதுவரை ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. வரதன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "நெய்யறது கெடக்கட்டும்பா, இதக் கட்டிக்கினு அந்தப் படத்துப் பொண்ணு எப்டி நடந்துச்சுன்னு மொதல்ல கேளு."

ஸ்டாண்டில் எடுத்த சர்வே

இதற்குள் எல்லாக் கடைக்காரரும் சொந்தமாக விளம்பரம் எடுத்துத் தள்ளியிருந்தார்கள். டேவிட் விற்கவும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. சவாரியில் ஏறுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் புடவை எடுக்கவே வருகிறவர்கள் கடைப் பெயரைச் சொல்லி ஏறுவார்கள், அவரால் வேறு கடைக்குத் திருப்பவே முடியாது. இப்போது படத்தைக் காட்டி, இந்தக் கடைக்குப் போங்கள் என்றார்கள். எந்தக் கடை என்று அவர்களுக்கே தெரியவில்லை. எல்லா விளம்பரத்திலும் அதே கோபுரம், அதே விளக்கு, அதே பெண். கமிஷன் அதிகம் தரும் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அந்த மாதிரி வருமானம் அவர் பார்த்ததே இல்லை.

வேறொருவராக இருந்தால் அந்தக் காசை எண்ணிச் சந்தோஷப்பட்டிருப்பார். டேவிட் அதிலிருந்து ஷேர் மார்க்கெட்டுக்கு வழி பிடித்தார். ஒரு மத்தியானம் படியேறி வந்து, புதிதாகச் சம்பாதித்ததையும் அதே ஷேரில் போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "கடப் பேரு மனசுல நிக்கல மேடம். நிக்க வெக்கத் தெரிஞ்சவன தேடிக்கினு இந்தக் கடக்காரங்க எல்லாரும் திரும்பப் போவாங்க, பாருங்க."

புது வண்டி

போனார்கள். முதலில் போனவர் ஏகாம்பரம் அண்ணாச்சி. எங்கள் ஊர்க் கடைக்காரர்களை வைத்து ஒரு பெரிய கம்பெனியின் ஷேர் ஏறாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எல்லா ஊரிலும் ஓர் ஏகாம்பரம் இருப்பார் போலிருக்கிறது. மார்கழி முடிவதற்குள் ஷேர் பழைய விலையைத் தாண்டியது. டேவிட் எல்லாவற்றையும் விற்று, தை மாதம் முதல் வாரத்திலேயே வண்டியை எடுத்துவிட்டு, மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தார்.

பெட்டியைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் வந்து கேட்ட அடுத்த வாரமே நான் விற்றுவிட்டதையும், வெட்கப்பட்டு அவரிடம் மறைத்ததையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் உறைத்ததே இல்லை. இது உறைத்தது. பெட்டியைத் தானே பிரித்து என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "சொல்லியிருந்தா நானும் வித்திருப்பேன், வண்டி வந்திருக்காது. அது வேற. ஆனா நான் உங்களத்தான மேடம் கேட்டேன்?"

இப்போதெல்லாம் சந்தை எப்படி என்று கேட்டு மாடியேறி வருகிறவர்களை நேராகக் கீழே ஆட்டோ ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஆள் அனுப்புவதற்கு டேவிட் எனக்குக் கமிஷன் எதுவும் தருவதில்லை.