செல்வராணி எந்தப் பக்கம்?

ஆளுங்கள எண்ணுற வேலையில பெரிய இடைஞ்சல் என்னன்னா, எண்ண வேண்டிய ஆளுதான் வீட்டுல இருக்க மாட்டாங்க. படிவத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்கினவங்க யாராச்சும் இதைப் படிச்சா, இப்பவே தலையாட்டுவீங்க.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி, தேயிலைத் தோட்டத்துலருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ண கொழும்புலருந்து ஒரு மேடம் வந்தாங்க. பகல்ல ஹட்டன் கடையில வேலைக்கு நின்னு, ராத்திரி வகுப்புல ஏ.எல். பரீட்சை முடிச்ச என்னைப் படிவம் நிரப்பச் சேர்த்துக்கிட்டாங்க. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தை எனக்குக் குடுத்தாங்க. காலையில மொத பஸ். மடியில படிவக்கட்டு. வளைவுக்கு வளைவு பக்கத்து ஆளு மேல சாயணும். இப்ப நெனச்சா அந்தக் குளிரு கூட நல்லாத்தான் இருந்துச்சு.

வெளிய போனவங்க

மொத நாள், மொத லய வரிசையில முனியாண்டி அண்ணனோட ஒத்த ரூம் காம்பரா. டவுன்ல மூட்டை தூக்குறவரு, அன்னைக்கு வேலை இல்ல. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டேன். "நாலு பேரு சார். நானு, ரெண்டு புள்ளைங்க, எங்க வீட்டுக்காரி செல்வராணி. அவ வெளிய போயிருக்கா"ன்னாரு.

நம்ம பக்கம் வெளிய போறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். வந்தப்புறம் கேப்போம்னு மரியாதையா உக்காந்தேன். ஒரு பிளேன்டீ வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. கக்கூஸ் இருக்கற பக்கம் பாக்காம இருக்கறதே பெரும்பாடாப் போச்சு. கடைசியில, "அக்காவுக்கு வயிறு கியிறு சரியில்லையா அண்ணே?"ன்னு கேட்டுட்டேன்.

"குவைத்துக்குல்ல சார் போயிருக்கா! கான்ராக்டு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு, இருந்து பாத்துட்டுப் போறீங்களா?"

பேரு வெட்டு

சிரிச்சு முடிச்சுப் பாத்தா, செல்வராணி பேரை மொத பக்கத்துல எழுதியிருக்கேன். வீட்டுல இருக்கறவங்க மொத பக்கம், ஆறு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல இருக்கறவங்க நாலாம் பக்கம். அதுதான் மேடத்தோட சட்டம். பேனாவை எடுத்துப் பேருக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்தேன். முனியாண்டி அண்ணன் என் கையைப் புடிச்சாரு. மொகத்துல சிரிப்பு இல்ல.

தோட்டத்துல பொறந்த நானே மறந்துட்டேன். இங்க பேரை வெட்டுறதுன்னா, ஆபீஸ் செக்ரோல்லருந்து, அதான் வேலையாளுங்க பேர்ப் பதிவுலருந்து, ஆளையே தூக்குறது. அந்தக் குடும்பத்துல தோட்டத்துல பேரு பதிஞ்ச ஒரே ஆளு செல்வராணி அக்கா. லீவு சொல்லிட்டுப் போனவங்க. இது ஆபீஸ் தாள் இல்ல அண்ணே, ஆராய்ச்சின்னு நானும் சொல்லிப் பாத்தேன். அவரு கையை விடல.

"அவ பேருலதான் சார் இந்தக் காம்பராவே. நீங்க கோடு போட்டுட்டு பஸ் ஏறிருவீங்க, நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மலையிலயா போயிப் படுக்கிறது?"

வழக்கமா

நான் விசயத்தைச் சொல்ல, மறுநாள் மேடமே வந்தாங்க, செருப்பெல்லாம் சேறு. "வழக்கமாக இங்கே வசிப்பவர்களைத்தான் முதல் பக்கத்தில் எழுதுவோம்"னு புத்தகத் தமிழ்ல பொறுமையா வெளக்கினாங்க.

"அவ வழக்கமா இங்கதான் மேடம் இருக்கா, வேலைக்குத்தான் அங்க போயிருக்கா."

கோடு

மேடம் பேனா மூடியைத் தொறந்தாங்க, மூடினாங்க, திரும்பத் தொறந்தாங்க. அதுக்குள்ள முனியாண்டி அண்ணன் குவைத்துக்கு வீடியோ கால் போட்டுட்டாரு. செல்வராணி அக்கா எடுத்ததும் கேட்டது, "வந்தவங்களுக்குக் கதிரை போட்டீங்களா? அந்தக் கால் ஆடுற கதிரையப் போட்டுறாதீங்க!" மேடம் அதுலதான் உக்காந்திருந்தாங்க.

நான் கோடு போட்ட தாளை மேடம் கிழிச்சு அடுப்புல போட்டாங்க. இந்தப் படிவத்துக்கும் காம்பராவுக்கும் சம்பந்தம் இல்லன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதிக் கையெழுத்து வச்சுக் குடுத்தாங்க. முனியாண்டி அண்ணன் அதை மொதல்ல போனுக்கு முன்னால புடிச்சுக் காட்டினாரு. "நாலாம் பக்கத்துல எழுதலாமா அக்கா?"ன்னு நான் கேட்டேன்.

"எந்தப் பக்கத்துல வேணும்னாலும் எழுதிக்க தம்பி, எம் பேரு மேல கோடு மட்டும் போடாத."

ஒரு வருசத்துல அக்கா திரும்பி வந்து, அதே பேருல அதே காம்பராவுலருந்து கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. எங்க அறிக்கையில மட்டும் இன்னும் குவைத்துலதான் இருக்காங்க.