ஆளில்லாத வள்ளம்

கொக்கிளாய் யூலிற்றாவுக்குப் படமென்றால் மாதா படமும் இருதயநாதர் படமும்தான். இறால் காயப்போட்டு விற்கிறவளின் வீட்டுச் சுவரில் வேறொன்றும் தொங்கியதில்லை. மூன்றாவதாக அவள் ஒரு படத்தை ஊன்றிப் பார்த்தது, புருசன் யோசெப் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. ஆண்கள் வாட்டில் பகலில் மட்டும் பக்கத்தில் நிற்க அவளுக்கு அனுமதித் துண்டு கொடுத்திருந்தார்கள்.

கட்டிலுக்கு நேரெதிரே, சுவரின் பாதியை அடைத்தபடி அந்த ஓவியம். பொழுதுசாயும் நேரத்துக் கடலோரக் களப்பு, கரையில் கண்டல் மரங்கள், நடுத்தண்ணீரில் ஒரு வள்ளம். நோயாளிகளின் மனம் ஆறட்டும் என்று வெளியூர் ஓவியர்கள் சுவரிலேயே எனாமல் பூச்சில் வரைந்து கொடுத்தது. ஆறவும் செய்தது. பக்கத்துக் கட்டில் நல்லதம்பி அதற்குச் சாட்சி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிக்கிறவர். சீனி வியாதியில் கால்விரல்களை எடுத்திருந்தார்கள். புண்ணுக்கு மருந்து கட்டும்போது அவர் காலைப் பார்ப்பதில்லை, அந்தத் தண்ணீரையே பார்ப்பார். "மருந்துக்குக் கேக்காத வலி இதுக்குக் கேக்குதும்மா" என்று யூலிற்றாவிடம் சொன்னார்.

யோசெப்புக்கு அது ஒத்துவரவில்லை. பேச்சுப் போய், வலப்பக்கம் முழுதும் செத்துக் கிடந்தது. இருந்தும் கண் விழித்தால் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தார். ஒருமுறை கீழே விழுந்து நெற்றி வெடித்தது. அதற்குப் பிறகு அந்தக் கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மூளையில் அடைப்பு வந்தவர்கள் இப்படித்தான் குழம்புவார்கள், கட்டாவிட்டால் மண்டை உடையும் என்று வாட்டுத் தாதி, மிஸ்ஸி விமலேஸ்வரி விளக்கினார். அதில் பிழையும் இல்லை. ஆனால் அவர் உடம்பில் மிஞ்சியிருந்தது அந்தக் கைதான். இழுத்து இழுத்து மணிக்கட்டுத் தோல் உரிந்தது. அந்தக் கட்டு அவிழவேண்டும். யூலிற்றாவுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

எங்கே போவதற்கு இழுக்கிறார் என்று அவர் கண் போன வழியே பார்த்தாள். வள்ளம். அதில் ஆளில்லை.

அவர்களுடைய ஊரில் ஆளில்லாத வள்ளம் மிதந்தால் கண்டவன் கடந்து போகக்கூடாது. வலையை விட்டுவிட்டு அதனிடம் போகவேண்டும், ஆளைத் தேடவேண்டும். யோசெப் அப்படி இரண்டுதரம் போனவர். ஒருதரம் ஆளை உயிரோடு கொண்டுவந்தார், மற்றத்தரம் சவமாக. இப்போது நாள் முழுக்க ஒரு வெறும் வள்ளம் கண்முன்னே நிற்கிறது.

மிஸ்ஸியிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கட்டில் மாற்ற இடமில்லை. சீலையால் மறைக்கலாமா என்றால், எல்லாருக்குமாக வைத்த படம், பெரிய டொக்டர் சொல்லவேண்டும் என்றார். பெரிய டொக்டர் லீவில்.

நல்லதம்பிதான் வழி சொன்னார். "மூடுறதெதுக்கு? ஒரு ஆள ஏத்தி விட்டுருங்க. எனக்கும் பேச்சுத்துணை."

சேலைன் போத்தலில் பெயர் எழுதும் கறுப்பு மார்க்கர் மேசையில் கிடந்தது. சாப்பாட்டுச் சந்தடியில் எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் எதையும் கீறியதில்லை. வள்ளத்துக்குள் ஒரு தலை, உடம்பு, கையில் வள்ளம் தள்ளும் தாங்குகோல்.

"காக்கா குந்தியிருக்கிற மாதிரி இருக்கு" என்றார் நல்லதம்பி.

"இருக்கட்டும் அண்ணை. கோல் பிடிச்ச காகம்."

யோசெப் நெடுநேரம் பார்த்தார். கை தளர்ந்தது. பின்னேரம் மிஸ்ஸி வந்து, அவர் அமைதியாகக் கிடப்பதைக் கண்டு கட்டை அவிழ்த்தார். அந்தக் கை யூலிற்றாவின் மடியில் வந்து கிடந்தது. அன்றைக்குத்தான் அவள் அழாமல் வெளியே போனாள்.

காலையில் வந்தபோது சுவர் பளபளத்தது. யாரோ படத்தில் கிறுக்கிவிட்டார்கள் என்று துப்புரவுக்காரர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார். நல்லதம்பி வேண்டாமென்று கத்தியும் கேட்கவில்லையாம். வள்ளம் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

முன்பு அது யாரோ ஒருவரின் வள்ளம். இப்போதோ யோசெப் கண்ணால் கண்ட ஆள், கோலோடு நின்ற ஆள், அவர் நித்திரையாய்க் கிடந்த நேரத்தில் காணாமல் போயிருக்கிறான். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கையை மறுபடியும் கட்டியிருந்தார்கள், இரட்டைத் துணியால். மார்க்கர் மிஸ்ஸியின் சட்டைப் பைக்குள் போயிருந்தது. திரும்பச் சுவரைத் தொட்டால் துண்டை வாங்கிவிடுவார்கள் என்று, கடிந்துகொள்ளாமல்தான், சொன்னார்.

யூலிற்றா புருசனின் காதருகே குனிந்தாள். "இஞ்சருங்கோ, அந்தாள் கரைக்கு வந்திட்டான். நான் கண்டனான்."

யோசெப் அவளைப் பார்க்கவில்லை. ஆள் கரைக்கு வந்தால் வள்ளமும் வந்திருக்கும். வள்ளம் நடுத்தண்ணீரில் நின்றது. களப்பில் கிழடாகிய மனிதருக்கு இதைச் சொல்லி ஏமாற்ற முடியுமா?

அன்று மருந்து கட்டும்போது நல்லதம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முனகினார். "எனக்கும் இப்ப அது வெறும் வள்ளமாத்தான் தெரியுதும்மா" என்றார்.

யூலிற்றா எழும்பிப் போய்ச் சுவரோடு சாய்ந்து, வள்ளத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். கதிரையில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே வள்ளம் தெரியும். அதனால், ஆட்களை வெளியே போகச் சொல்லி மணி அடிக்கும்வரை நின்றுகொண்டேயிருந்தாள்.